பிரேக் கத்துகிறது, கம்பெனி காதைப் பொத்துகிறது!

“தொழிலாளிப் பத்திரிகையில் கார் பிரேக்கைப் பற்றிக் கட்டுரையா? கார் வைத்திருப்பவன் பணக்காரன். அவன் வண்டி கத்தினால் நமக்கென்ன நஷ்டம்?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள்.

இந்தத் தோழர்கள் ஒருநாள் விடியற்காலையில் மகாராஜபுரம் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்று பார்க்கட்டும். ராஜபாளையத்துப் பஞ்சாலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மில் வேன் போகிறது. களையெடுக்கப் போகும் விவசாயத் தொழிலாளிப் பெண்களை மூட்டைகளைப்போல் அடுக்கிக்கொண்டு சரக்கு வண்டி போகிறது. அமாவாசை, பௌர்ணமி வந்துவிட்டால் சதுரகிரி மலைக்குப் போகும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு தாணிப்பாறை அடிவாரத்துக்கு வாடகைக் கார்கள் வரிசையாகப் போகின்றன. வண்டி யார் பெயரில் இருந்தால் என்ன? உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் யார்? நம்மவர்கள்தான். பிரேக் பிடிக்காவிட்டால் மண்டை உடைவது முதலாளிக்கு அல்ல, நமக்குத்தான். ஆகவே பிரேக் நம்முடைய பிரச்சினை. அதைப் பழுது பார்க்கிறேன் என்று சொல்லி நடக்கும் பகற்கொள்ளையும் நம்முடைய பிரச்சினைதான்.

“நார்மல் சார்!”

நமது தோழர் ஒருவர் இருபது வருஷம் பஞ்சாலையில் கதிர் ஓட்டியவர். வேலை போயிற்று. கைக்கு வந்த கணக்குப் பணத்தையும், பைனான்ஸ் கடனையும் சேர்த்து ஒரு பழைய கார் வாங்கினார். அவரே டிரைவர், அவரே முதலாளி, அவரே கிளீனர். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். பழைய கார்தான் என்றாலும் கம்பெனி வாரண்டி இன்னும் முடியவில்லை.

சில மாதங்களில் பிரேக் மிதித்தால் ‘கீச்’ என்று சத்தம் வர ஆரம்பித்தது. நாமும் அவரோடு நகரத்து ஷோரூமுக்குப் போனோம். ஊர்ப் பெயரும் கம்பெனிப் பெயரும் இங்கே வேண்டாம். ஒரு ஷோரூமைத் திட்டித் தீர்ப்பதற்காக நாம் இதை எழுதவில்லை.

குளிர்சாதன அறையில் உட்கார வைத்தார்கள். காபி கொடுத்தார்கள். கழுத்தில் டை கட்டிய ஒரு இளைஞர் வந்து, “டிஸ்க் பிரேக்குன்னா கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். நார்மல் சார்” என்றார். ‘பொதுச் சோதனை, பிரேக் கிளீனிங்’ என்று 850 ரூபாய்க்குப் பில் வந்தது. சத்தம் நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் திரும்ப வந்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனோம். அதே கார், அதே சத்தம், அதே இளைஞர். இந்தத் தடவை பாஷை மாறிவிட்டது. “ரெண்டு பக்கமும் பேடு, ரெண்டு டிஸ்க், இடது காலிப்பர் முழு செட், எல்லாம் மாத்தணும் சார்.” கூலி, வரி எல்லாம் சேர்த்து 19,600 ரூபாய் எஸ்டிமேட். தோழரின் முகம் வெளுத்துவிட்டது.

“தம்பி, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தீர்களா?” என்று கேட்டோம். பதில் இல்லை. 

“வேண்டாம், நாங்கள் ஊரில் பார்த்துக்கொள்கிறோம்” என்றோம். “வெளியே கழட்டினா வாரண்டி போயிடும் சார். அப்புறம் ரிஸ்க் உங்களோடதுன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.”

“சரி தம்பி, பிரேக் பேடுக்கு வாரண்டி உண்டா?” 

“அது தேய்மான சாமான் சார். வாரண்டியில வராது.”

வாசகர்கள் இந்த வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். பேடு தேய்ந்தால் வாரண்டி காப்பாற்றாது. ஆனால் அதே பேடை வெளியே மாற்றினால் வாரண்டி ஓடிப்போய்விடும்! கொடுப்பதற்கு இல்லாத வாரண்டி, பயமுறுத்துவதற்கு மட்டும் இருக்கிறது. முதல் தடவை சக்கரத்தைக் கழற்றாமலே ‘ஒன்றுமில்லை’ என்றார்கள். இரண்டாம் தடவையும் சக்கரத்தைக் கழற்றாமலே ‘எல்லாம் போச்சு’ என்கிறார்கள். வைத்தியர் நாடி பிடிக்காமல் மருந்து எழுதினால் நாம் ஒத்துக்கொள்வோமா?

ரோட்டோரப் பட்டறையில் கண்டது

வத்திராயிருப்பு ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. அங்கே இருந்த பெரியவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்வி கேட்டார். “மிதிச்சா கத்துதா, விட்டா கத்துதா? காலையில வருதா, ஓடி ஓடிச் சூடான பிறகு வருதா? வண்டி ஒரு பக்கமா இழுக்குதா?” பிறகு தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார்.

இடது முன்சக்கரத்தில் உள்பக்கத்துப் பேடு அடிவரை தேய்ந்து கிடந்தது. வெளிப்பக்கத்துப் பேடு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. “பார்த்தீங்களா தோழர், காலிப்பர் நகருற பின்னு துரு ஏறி இறுகிப் போச்சு. உள்பேடு மட்டும் கடிச்சுக்கிட்டே கிடக்கு” என்றார். பெரும்பாலான டிஸ்க்குகளில், எந்தக் கனத்துக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்று அதிலேயே பொறித்திருப்பார்கள். அந்த எண்ணைத் துடைத்துக் காட்டி, டிஸ்கின் கனத்தை அளந்தும் காட்டினார். டிஸ்க் நன்றாகவே இருந்தது.

ஆக, தேவைப்பட்டது என்ன? முன்பக்கத்துக்கு ஒரு செட் பேடு, பின்னுக்கும் அதன் ரப்பர் உறைக்கும் மாற்று, கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பின்னையும் ரப்பரையும் கேட்டு ஷோரூமுக்குப் போன் செய்தால், “தனியா வராது சார், காலிப்பர் முழுசாத்தான் வாங்கணும்” என்றார்கள். சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தால் சட்டையையே வாங்கு என்கிற கதை! கடைசியில் ராஜபாளையத்துச் சாமான் கடைக்காரர் வேறு ஒரு தயாரிப்பைத் தருவித்துக் கொடுக்க நாலு நாள் ஆயிற்று. மொத்தச் செலவு 3,150 ரூபாய். ஆனால் அந்த நாலு நாளும் கார் ஓடவில்லை. அதில் அமாவாசையும் போயிற்று. தவணைக்காரன் மட்டும் தவறாமல் வந்துவிட்டான்.

3,150 எங்கே, 19,600 எங்கே? இந்த வித்தியாசத்துக்குப் பெயர்தான் ஏகபோகம்.

காது நமக்கும் உண்டு

பஞ்சாலைத் தொழிலாளிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும் ரிங் பிரேமில் ஒரு கதிர் வறண்டு கத்தினால், மேஸ்திரி வருவதற்கு முன்பே சைடருக்குத் தெரியும். பம்ப்செட் ஓடும் சத்தத்தை வரப்பில் இருந்தே கேட்டு, தண்ணீர் இறங்கிவிட்டது என்று விவசாயத் தொழிலாளி சொல்லுவார். இயந்திரத்தின் பாஷை நமக்குப் புதிதல்ல. பிரேக்கின் பாஷையும் அப்படித்தான். வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டுமல்ல, வண்டியில் ஏறுகிறவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று: ‘கீச்’ என்ற மெல்லிய சத்தம். பல பேடுகளில் ஒரு சிறு தகடு வைத்திருக்கிறார்கள். புதுப் பேடு சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது தேய்ந்து 2, 3 மில்லிமீட்டருக்கு வரும்போது தகடு டிஸ்கில் உரசிக் கத்தும். ‘என்னை மாற்று’ என்று அது கூப்பிடுகிறது. சில வண்டிகளில் மிதிக்காமல் ஓடும்போதே கத்தும். பேடு சூட்டில் வழுவழுப்பாகிப் போனாலும், தூசி படிந்தாலும் இதே சத்தம் வரும். ஆகவே கழற்றிப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

இரண்டு: ‘கரகர’ என்று இரும்பை இரும்பு கடிக்கும் சத்தம். பேடு தீர்ந்துவிட்டது. அடித்தகடு டிஸ்கைத் தின்கிறது. இதற்குமேல் வண்டியை ஓட்டக் கூடாது. டிரம் பிரேக்கில் ஷூவின் லைனர் தீர்ந்தாலும் இதே சத்தம்தான்.

மூன்று: மழை பெய்த மறுநாள் காலையில் வரும் உரசல். டிஸ்கில் மெல்லிய துரு படிந்திருக்கும். நாலைந்து தடவை பிரேக் பிடித்ததும் போய்விடும். இதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நான்கு: பிரேக் மிதிக்காமலே ஓயாத உரசல். ஜல்லி ரோட்டில் ஓடும் வண்டியில் டிஸ்குக்கும் தூசித் தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருக்கலாம். அல்லது பின் இறுகி, பேடு விடாமல் பிடித்திருக்கலாம். ஓடி நின்ற வண்டியில் ஒரு சக்கரத்தில் மட்டும் சூடும் கருகல் வாடையும் அடித்தால் அதுதான் நோய். கையால் டிஸ்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், பொசுங்கிவிடும்.

ஐந்து: மிதிக்கும்போது பெடல் உதறுவது, ஸ்டீயரிங் நடுங்குவது. டிஸ்கின் கனம் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். மிதிக்கும்போது ஒரே ஒரு ‘டக்’ சத்தம் வந்தால், பேடைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருக்கலாம்.

ஆறு: சத்தமே இல்லாத நோய். இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது பிரேக் ஆயில் கசியும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்துவிடும். அப்போது எவ்வளவு மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். 

இவ்வளவும் தெரிந்த ஒருவரிடம் ‘நார்மல் சார்’ என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

நீலச் சட்டைக்காரர் எதிரியா?

“ஷோரூம் மெக்கானிக்குகள் எல்லாம் திருடர்கள்” என்று சிலர் பேசுகிறார்கள். இந்த அபிப்பிராயம் தவறு. தவறு மட்டுமல்ல, அது கம்பெனிக்கே சாதகம்.

இரண்டாம் தடவை நாம் ஷோரூமைவிட்டு வெளியே வந்தபோது, எதிர் டீக்கடையில் நீலச் சட்டை போட்ட ஒரு டெக்னீஷியன் பையன் நின்றான். ஐ.டி.ஐ. படித்தவன். பக்கத்துக் கிராமத்துக்காரன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அண்ணே, சக்கரத்தைக் கழட்டணும்னா ஜாப் கார்டுல எழுதி வரணும். எழுதுறது நாங்க இல்ல. ஒரு வண்டிக்கு இத்தனை நிமிஷம்னு கணக்கு. நேரம் போனா எங்களைத்தான் கேப்பாங்க. எழுதுறவருக்கு மாசம் இவ்வளவு சாமான் வித்தாகணும்னு கணக்கு. அவரும் பாவம்தான்.”

உண்மை இதுதான். கையில் ஸ்பேனர் வைத்திருப்பவனுக்கு முடிவு செய்யும் அதிகாரம் இல்லை. முடிவு செய்கிறவனுக்கு வண்டிக்கு அடியில் படுக்கும் வேலை இல்லை. இரண்டு பேர் தலையிலும் ‘டார்கெட்’ என்ற கத்தி தொங்குகிறது. மில்லில் கதிரை அதிகப்படுத்தி ஆளைக் குறைக்கும் அதே மூளைதான் இங்கேயும் வேலை செய்கிறது. கார்க்காரர் டெக்னீஷியனைத் திட்டுகிறார். டெக்னீஷியன் கார்க்காரரைச் சபிக்கிறான். மேலே உட்கார்ந்திருப்பவன் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அந்தப் பையனின் நெஞ்சையும் நாம் நினைக்க வேண்டும். பிரேக் தூசி சாதாரணத் தூசி அல்ல. பழைய லைனர்களில் கல்நார் சேர்த்திருந்தார்கள். கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். கல்நார்த் தொழிலாளர் வழக்கில் 1995ல் சுப்ரீம் கோர்ட், தொழிலாளியின் ஆரோக்கியமும் வைத்திய உதவியும் அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்தது. ஆனால் இன்றும் எத்தனை பட்டறைகளில் காற்றுக் குழாயை வைத்துப் பிரேக் தூசியை ‘புஸ்’ என்று ஊதுகிறார்கள்! ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இதை ஷோரூமிலும் கேட்க வேண்டும், நமது அண்ணாச்சி பட்டறையிலும் கேட்க வேண்டும்.

அபராதம் போட்டார்கள், ஆனால்…

“இதெல்லாம் உங்கள் கற்பனை” என்று கம்பெனிக்காரர்கள் சொல்ல முடியாது. சர்க்கார் அமைத்த கமிஷனே இதை அம்பலப்படுத்திவிட்டது.

2011ல் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். கார்க் கம்பெனிகள் உதிரி பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்திருக்கின்றன என்பது புகார். மூன்று கம்பெனிகளில் ஆரம்பித்த விசாரணை கிட்டத்தட்ட எல்லாக் கார்க் கம்பெனிகளையும் தொட்டது. 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி ஆணையம் தீர்ப்பளித்தது. மாருதி, டாடா, மகிந்திரா, ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு உள்ளிட்ட 14 கம்பெனிகள் குற்றவாளிகள்! மொத்த அபராதம் சுமார் 2,545 கோடி ரூபாய். நமது மாநிலத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் கம்பெனிக்கு 2015 ஜூலையில் தனியாக 420 கோடி ரூபாய் அபராதம் போடப்பட்டது.

ஆணையம் என்ன சொன்னது? ஒருவன் கார் வாங்கிவிட்டால், அதன் உதிரி பாகத்துக்கு அந்தக் கம்பெனியைத் தவிர வேறு கதியில்லாமல் மாட்டிக்கொள்கிறான். அந்த இக்கட்டைக் கம்பெனிகள் சுரண்டுகின்றன. கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஆலைகளைக்கூட நேராக வெளிச்சந்தையில் விற்கவிடாமல் ஒப்பந்தம் போட்டுக் கட்டிப்போடுகின்றன. இதை நிறுத்த வேண்டும், பாகங்களையும் கருவிகளையும் வெளியே விற்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்கிறோம் என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது. வெளியே பார்த்த வேலையால் எந்தப் பாகம் கெட்டதோ, அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் சொல்லியது. ‘வெளியே கழட்டினா வாரண்டி போயிடும்’ என்று நம்மிடம் சொன்னார்களே, அதைத்தான் இந்த உத்தரவு கண்டித்திருக்கிறது!

பிறகு என்ன நடந்தது? நடக்க வேண்டியதுதான் நடந்தது. மேல்முறையீடு, தடை, வாய்தா. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸ்ஸான் மூன்றின் விஷயத்திலும் குற்றம் செய்தது உண்மை என்று உறுதி செய்துவிட்டு, அபராதத்தை மட்டும் வெட்டிக் குறைத்தது. மொத்த விற்பனையின் மேல் கணக்குப் பார்க்கக் கூடாதாம். உதிரி பாக விற்பனையின் மேல் மட்டும்தான் பார்க்க வேண்டுமாம்! ரேஷன் கடையில் ஒரு கிலோ அரிசி குறைந்தால் ஊரைக் கூட்டும் சட்டம், கோடிக்கணக்கில் கொள்ளையடித்தவனுக்கு எவ்வளவு நயமாகக் கணக்குப் போடுகிறது பாருங்கள். அந்த அபராதம் வசூலானாலும் மத்திய சர்க்காரின் கஜானாவுக்குத்தான் போகும். தவணை கட்ட முடியாமல் தவிக்கும் டிரைவருக்கு ஒரு காசு வராது.

பாதுகாப்பு என்னும் பம்மாத்து

“பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது. கண்டவன் கையில் கொடுக்க முடியாது. பாதுகாப்புக்காகத்தான் நாங்களே செய்கிறோம்” என்பது கம்பெனிகளின் பெரிய வாதம். போட்டி ஆணையத்திடமும் இதைச் சொன்னார்கள். ஆணையம் ஏற்கவில்லை. நாமும் ஏற்கவில்லை.

உயிரின்மேல் அவ்வளவு அக்கறை இருந்தால், பிரேக்கைக் கழற்றி மாட்டும் முறையை எழுதிய புத்தகத்தைப் பட்டறைக்காரருக்குக் கொடுப்பதில் என்ன தடை? புதிய கார்கள் பலவற்றில் கைப்பிரேக் மின்சாரத்தில் வேலை செய்கிறது. பின்சக்கரப் பேடு மாற்ற வேண்டுமென்றால் முதலில் கருவியை மாட்டி அதைப் பின்வாங்கச் செய்ய வேண்டும். அந்தக் கருவியையும் விவரத்தையும் பூட்டி வைத்துவிட்டு, ‘பட்டறைக்காரனுக்கு ஒன்றும் தெரியாது’ என்று கேலி பேசுவது என்ன நியாயம்? கையைக் கட்டிப்போட்டுவிட்டு, நீந்தத் தெரியவில்லை என்று சிரிப்பதா?

கார்க் கம்பெனி எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. சென்னையில் பாடியில் 1962ல் ஆரம்பித்த பிரேக்ஸ் இந்தியா போன்ற ஆலைகளில் தொழிலாளிகளின் கைகள் செய்கின்றன. அதே தரத்துச் சாமான் தாராளமாகவும் நியாய விலையிலும் கிடைத்தால் எவன் போலியை வாங்குவான்? அசல் கிடைக்காத இடத்திலும், அசலுக்கு யானை விலை சொல்லும் இடத்திலும்தான் போலி முளைக்கிறது. போலிச் சாமானுக்கு உரம் போடுவது ஏகபோகம்தான்.

ஒன்றை நாமும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ரோட்டோரப் பட்டறை என்றாலே யோக்கியம் என்று நாம் சொல்லவில்லை. பில் தராதவர்கள், தேய்ந்த பேடை உப்புத்தாளால் தேய்த்து மாட்டி அனுப்புகிறவர்கள், பெட்டி மட்டும் அசலாக இருக்கும் போலியைத் தலையில் கட்டுகிறவர்கள் அங்கேயும் உண்டு. பிரேக்கில் சிக்கனம் பார்த்து உயிரை விடுவது புத்திசாலித்தனம் அல்ல. நாம் கேட்பது மலிவான பிரேக் அல்ல. யோக்கியமான பிரேக்.

கையிலிருக்கும் ஆயுதங்கள்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 நவம்பரில் இதற்காக ஜன வாக்கெடுப்பே நடந்தது. கோளாறு கண்டுபிடிக்கும் விவரங்களைக் கார் உடைமையாளருக்கும் வெளிப் பட்டறைக்கும் கம்பெனிகள் தந்தாக வேண்டும் என்று ஜனங்கள் பெரும்பான்மையாக ஓட்டுப் போட்டார்கள். முதலாளித்துவத்தின் தாய்வீட்டிலேயே இது முடியுமென்றால் இங்கே ஏன் முடியாது?

இங்கே 2022 ஜூலையில் மத்திய சர்க்கார் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகச் சாமான், மோட்டார் வாகனம் என்று நாலு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே வருஷம் டிசம்பர் 24ல் ஓர் இணையதளம் திறந்தார்கள். இணையதளம் வேறு, சட்டம் வேறு. கம்பெனி விரும்பினால் விவரம் போடலாம் என்பது உரிமை அல்ல, தயவு. டிராக்டரும் இந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை விவசாயிகள் கவனிக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஷோரூமானாலும் பட்டறையானாலும் இவற்றைக் கேளுங்கள்:

சத்தம் எப்போது, எந்தச் சக்கரத்தில் வருகிறது என்பதை நீங்கள் சொன்னபடியே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ‘பொதுச் சோதனை’ என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வேலை பார்க்கும் டெக்னீஷியனையே பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். சக்கரத்தைக் கழற்றி, பேடு எத்தனை மில்லிமீட்டர், டிஸ்க் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். உங்கள் காசு கொடுத்து வாங்கிய கார். அதன் பழைய பேடும் உங்களுடையதுதான். கட்டாயம் பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே சட்டப்படி நேர்மையற்ற வியாபாரம்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால், 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். “வாடகைக் கார் வைத்துத் தொழில் செய்கிறவன் நுகர்வோர் அல்ல” என்று கம்பெனி வக்கீல் வாதாடுவார். ஏமாற வேண்டாம். சொந்த உழைப்பால் பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. முதலில் யோசனை கேட்க 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

வேனில், சரக்கு வண்டியில் போகும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் காசு கொடுத்து வண்டி வாங்கியவர்கள் அல்ல. ஆனால் உயிரை ஏற்றியிருப்பவர்கள் நீங்கள்தான். ‘கரகர’ சத்தம் கேட்டால் டிரைவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் ஏற்கெனவே முதலாளியிடம் சொல்லித் திட்டு வாங்கியிருப்பார். பத்துப் பேர் சேர்ந்து மில் நிர்வாகத்திடம், காண்டிராக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்: பிரேக்கைச் சரிசெய்தால்தான் ஏறுவோம். ஒருவர் சொன்னால் வேலை போகும் என்ற பயம் நியாயமானது. பத்துப் பேர் சொன்னால் பயப்படுவது அந்தப் பக்கம்.

அண்ணாச்சியிடம் பேசிவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீஸ் வாசலில் ஒரு வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றி, பேடு எது, டிஸ்க் எது, பின் எது என்று காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். டிரைவர்கள் மட்டும் வந்தால் போதாது. மில் வேனில் போகும் பெண்களும், களையெடுக்கப் போகும் பெண்களும் வர வேண்டும். டீக்கடையில் நம்மிடம் உண்மை சொன்ன அந்த நீலச் சட்டைத் தம்பியையும் கூப்பிட்டிருக்கிறோம். 

பூட்டி வைத்தால்தான் கம்பெனிக்கு லாபம். நாலு பேர் தெரிந்துகொண்டால் அந்தப் பூட்டு திறந்துபோகும். பிரேக் கத்தும்போது நாம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டாம். அது நமக்காகத்தான் கத்துகிறது.